இறங்காம திரும்புறதுக்கும் தைரியம் வேணும்: கோழிக்கோடு, 7 ஆகஸ்ட் 2020

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

முதல்ல என் கதை ஒண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மழை நாள் ராத்திரி நான் சென்னைக்கு விமானத்துல வந்துட்டிருந்தேன். கீழ விளக்குகள் தெரிய ஆரம்பிச்சிருச்சு. சக்கரம் இறங்குற சத்தமும் கேட்டுச்சு. பக்கத்து சீட்டு அண்ணன் போனை ஆன் பண்ணி, "வந்துட்டேம்மா, சாதம் வெச்சிரு"ன்னு மெசேஜ் டைப் பண்ணிட்டிருக்காரு. அப்போ திடீர்னு என்ஜின் உறுமுது, முதுகு சீட்டோட ஒட்டுது, விமானம் மறுபடி மேல ஏறுது. அரை மணி நேரம் சுத்திட்டுத்தான் இறங்கினோம்.

அந்த அரை மணி நேரமும் உள்ள ஒரே முணுமுணுப்பு. பின்னாடி ஒருத்தர் சத்தமாவே கேட்டாரு: "என்னப்பா, டிரைவருக்கு ஓட்டத் தெரியலையா?" எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

இன்னைக்கு எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ அந்தச் சிரிப்புதான் மனசுல வந்து உறுத்துச்சு. அன்னைக்கு அந்த விமானி செஞ்ச காரியத்தை இன்னொரு விமானி செய்யாம போனதுனால 21 பேர் உயிர் போச்சு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

வீட்டுக்குப் போற விமானம்

2020 ஆகஸ்ட். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொரோனா முதல் அலை. வழக்கமான சர்வதேச விமானங்கள் எல்லாம் நின்னு போயிருந்த நேரம். வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட இந்தியர்களைக் கூட்டிட்டு வர அரசு 'வந்தே பாரத்'னு சிறப்பு விமானங்கள் விட்டுட்டிருந்தது. அதுல ஒண்ணுதான் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. துபாயிலிருந்து கோழிக்கோடு.

உள்ள 190 பேர். பயணிகள் 184 பேர், அதுல 10 பேர் கைக்குழந்தைங்க. விமானப் பணியாளர்கள் 4 பேர். விமானிகள் 2 பேர். வேலை போனவங்க, விசா முடிஞ்சவங்க, மாசக்கணக்கா டிக்கெட்டுக்குக் காத்திருந்தவங்கன்னு பலரும் அதுல இருந்தாங்க. கல்ஃப்ல யாராவது சொந்தக்காரங்க இருந்தா உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துல ஒரு சீட்டு கிடைக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு.

ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. கேரளாவுல கடும் மழை. முந்தின நாள் ராத்திரிதான் மூணாறு பக்கம் பெட்டிமுடியில மண்சரிவு. தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் அப்படியே புதைஞ்சு 70 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் செய்தி டிவியில ஓடிட்டிருக்கும்போதே, அதே மழைக்குள்ள இந்த விமானம் வந்துட்டிருந்தது.

மேசை மேல ஒரு ஓடுபாதை

கோழிக்கோடு விமான நிலையம்னு சொன்னாலும், அது உண்மையில மலப்புறம் மாவட்டத்துல, கொண்டோட்டி பக்கம் கரிப்பூர்ல இருக்கு. குன்றைச் சமப்படுத்திக் கட்டினது. இதை 'டேபிள்டாப் ரன்வே'ன்னு சொல்வாங்க. ஒரு மேசையை நினைச்சுக்கோங்க. அது மேல ஒரு பொம்மை கார் ஓட்டுறீங்க. மேசைக்குள்ள நின்னுட்டா சரி. விளிம்பைத் தாண்டினா கீழ விழும். அவ்வளவுதான். மங்களூருவும் இதே மாதிரிதான். மிசோரம்ல லெங்புய், சிக்கிம்ல பாக்யோங்கும் அப்படித்தான்.

சாதாரண இடத்துல விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போனா சேத்துல, புல்லுல மாட்டி நிக்கும். பெரும்பாலும் எல்லாரும் நடந்தே வெளிய வந்துடுவாங்க. டேபிள்டாப்ல அந்த வாய்ப்பு குறைவு. தப்பு அதே அளவுதான், ஆனா அதுக்குக் கொடுக்கிற விலை பெருசு.

இப்போ ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், பொறுத்துக்கோங்க. ஒரே ஓடுபாதைக்கு ரெண்டு முனை இருக்கு இல்லையா? ரெண்டுக்கும் தனித்தனி நம்பர். கோழிக்கோட்டுல ஒரு முனை 28, இன்னொரு முனை 10. திசைகாட்டில 280 டிகிரி, 100 டிகிரின்னு அர்த்தம். 28ல இறங்கினா விமானத்தோட மூக்கு மேற்கைப் பார்க்கும். 10ல இறங்கினா கிழக்கைப் பார்க்கும்.

இது ஏன் முக்கியம்? விமானம் எப்பவும் எதிர்காத்துல இறங்கத்தான் விரும்பும். எதிர்காத்து ஒரு இலவச பிரேக் மாதிரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்துல காத்து மேற்கிலிருந்து வரும். அதனால அன்னைக்குச் சரியான முனை 28. அதுலதான் முதல்ல முயற்சி பண்ணாங்க.

முதல் முயற்சி

இருட்டிட்டிருக்கிற நேரம், மழை. கீழ வர்றாங்க. கேப்டன் பக்கத்து கண்ணாடியில வைப்பர் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுபோச்சு. ஆமா, நம்ம கார்ல இருக்கிற அதே வைப்பர்தான். கொட்டுற மழையில வைப்பர் இல்லாம ராத்திரி ஈசிஆர்ல ஓட்டிப் பாருங்க. எதிர் விளக்கெல்லாம் கண்ணாடியில கரைஞ்சு வழியும். அதே நிலைமையில ஒரு போயிங் 737ஐ ஒரு குன்று மேல இறக்கணும்.

ஒவ்வொரு லேண்டிங்குக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் வெச்சிருப்பாங்க. அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியலைன்னா, யோசிக்கவே கூடாது, மேல ஏறிடணும். இதுக்குப் பேர் 'கோ அரவுண்ட்'. அன்னைக்கு அந்த உயரத்துல ஓடுபாதை தெரியலை. மேல ஏறிட்டாங்க.

இதைக் கவனிச்சுக்கோங்க. முதல் முயற்சியில இவங்க செஞ்சது முழுக்கச் சரி. தெரியலை, திரும்பிட்டாங்க. இவங்களுக்கு விதி தெரியாம இல்ல. அரை மணி நேரம்கூட ஆகறதுக்குள்ள அதே விதி ஏன் கைவிட்டுப் போச்சு? நம்ம கேள்வி இதுதான்.

ரெண்டாவது முயற்சி

மேல ஏறினதும் என்னென்ன வழி இருந்தது? மழை குறையற வரைக்கும் சுத்தலாம். இல்ல, வேற விமான நிலையத்துக்குப் போலாம். கொச்சியும் நம்ம கோயம்புத்தூரும் விமானத்துக்குக் கூப்பிடு தூரம். போற அளவுக்கு எரிபொருளும் இருந்தது.

அதே நேரத்துல கீழ இன்னொரு விமானம் புறப்படக் காத்திருந்தது. அவங்க 10ம் நம்பர் முனையைக் கேட்டாங்க. கட்டுப்பாட்டு அதிகாரி அதுக்கு ஒத்துக்கிட்டு, மேல இருக்கிற 1344ஐயும் கேட்டாரு: நீங்களும் 10ல இறங்கறீங்களா? கேப்டன் சரின்னுட்டாரு. காத்து பின்னாடியிலிருந்து அடிக்கப்போகுது, ஓடுபாதை ஈரமா இருக்கு, கேப்டன் பக்கத்து வைப்பரை நம்ப முடியாது. இந்த மூணையும் சேர்த்து வெச்சு, இறங்க எவ்வளவு தூரம் தேவைப்படும்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கணும். அது நடக்கலை.

கோபுரத்திலிருந்து சொன்ன காத்து 8 நாட். விமானம் தரையைத் தொடுற நேரத்துல முதுகுப் பக்கம் அடிச்சது 14 நாட் வாக்குல. கேட்க சின்ன நம்பரா இருக்கும். ஆனா எதிர்காத்து வேகத்தைக் குறைக்கும்னு சொன்னேன் இல்லையா, பின்காத்து அதுக்கு நேர் எதிர். தரையைப் பொறுத்தவரைக்கும் அன்னைக்கு விமானத்தோட வேகம் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர். வேகம் பத்து சதவீதம் கூடினா பிரேக் தின்னவேண்டிய சக்தி இருபது சதவீதத்துக்கு மேல கூடும். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான், வேகத்தோட வர்க்கம்.

கடைசி சில நூறு அடியில விமானம் இறங்க வேண்டிய வேகத்தை விட வேகமா கீழ வருது. காக்பிட்ல இருக்கிற எச்சரிக்கைக் கருவி குரல் கொடுக்குது. துணை விமானி, கவனிங்கன்னு சொல்லிப் பார்க்கிறாரு. கேப்டன் சரிசெய்யப் பார்க்கிறாரு, என்ஜின் சக்தி கூடுது. இப்போ விமானம் கீழ உட்காராம ஓடுபாதைக்கு மேலயே மிதந்துட்டுப் போகுது. ஓடுபாதை காலடியில கரைஞ்சுட்டே இருக்கு.

அந்த நேரத்துல துணை விமானி சொல்றாரு, கோ அரவுண்ட்.

கேப்டன் ஏறலை. விமானம் தரையைத் தொட்டுச்சு.

தொட்ட இடம் ஓடுபாதையோட ஆரம்பத்திலிருந்து 4,438 அடி தள்ளி. மொத்த நீளம் 8,858 அடி. பாதி ஓடுபாதை அப்பவே முடிஞ்சிருச்சு. மிச்சம் சுமார் 1,350 மீட்டர். ஈரத் தரை, பின்காத்து, 300 கிலோமீட்டர் வேகம்.

நிக்கலை. ஓடுபாதை முனையைத் தாண்டும்போது 84 நாட், அதாவது மணிக்கு 155 கிலோமீட்டர். அதுக்கப்புறம் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி இருக்கு. அதையும் தாண்டி விளிம்புக்கு வரும்போது 41 நாட், அதாவது 75 கிலோமீட்டர் சொச்சம். ஹைவேயில ஒரு பஸ் போற வேகம். அந்த வேகத்துல மேசையிலிருந்து கீழ. குன்றுக்கு அடியில போற சாலையில மோதி, விமானம் மூணா உடைஞ்சுது. மணி ராத்திரி 7.40.

தீப்பிடிக்கலை. அது மட்டும் நடந்திருந்தா இன்னைக்கு நான் சொல்ற எண்ணிக்கை வேறயா இருந்திருக்கும். 21 பேர் இறந்தாங்க. அதுல விமானிகள் ரெண்டு பேரும் அடக்கம். 169 பேர் பிழைச்சாங்க.

ஓடி வந்த ஊர்

ஒரு நிமிஷம் இந்த இடத்துல நிக்கணும்.

கொண்டோட்டி அந்த நேரத்துல கொரோனா கட்டுப்பாட்டுப் பகுதி. வீட்டை விட்டு வெளிய வரவே கூடாது. உள்ள இருக்கிறவங்க வெளிநாட்டிலிருந்து வர்றவங்க. 2020ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரே கதவைச் சாத்தின காலம் அது.

ஆனா சத்தம் கேட்டதும் ஊர் ஓடி வந்துச்சு. மழையில, இருட்டுல, உடைஞ்ச விமானத்துக்குள்ள ஏறி ஆளுங்களை வெளிய எடுத்தாங்க. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காம தங்களோட சொந்தக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. ராத்திரி ரத்தம் கொடுக்க வரிசையில நின்னாங்க. அப்பா அம்மாவைத் தொலைச்ச குழந்தைங்களைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அடுத்த நாள் அவ்வளவு பேரும் தனிமைப்படுத்தலுக்குப் போனாங்க. அப்படித் தனிமையில இருந்தவங்களுக்கு ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடிச்ச படம் அப்போ நம்ம எல்லார் போன்லயும் வந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2022ல, உயிர் பிழைச்சவங்களும் இறந்தவங்க குடும்பங்களும் ஒண்ணு சேர்ந்து ஒரு முடிவெடுத்தாங்க. தங்களுக்குக் கிடைச்ச இழப்பீட்டுல ஒரு பங்கு போட்டு, விபத்து நடந்த ஊர்ல இருக்கிற சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கறதுன்னு. அந்த ஊருக்கு நன்றி சொல்ல அவங்க தேர்ந்தெடுத்த வழி அது.

ஹீரோவா, வில்லனா?

விபத்து நடந்த மறுநாளே வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு. கேப்டன் மூணு தடவை வானத்துல சுத்தி எரிபொருளைத் தீர்த்தாரு, என்ஜினை அணைச்சாரு, அதனாலதான் தீப்பிடிக்கலை, அவர் ஒரு தியாகின்னு. நானும் அதைப் படிச்சுக் கண் கலங்கினேன். ஒரு வருஷம் கழிச்சு, 2021 செப்டம்பர்ல, விமான விபத்து விசாரணைப் பிரிவோட அறிக்கை வந்துச்சு. அதுக்கப்புறம் அதே மக்கள் அப்படியே திரும்பி, எல்லாம் கேப்டன் தப்புன்னு எழுதினாங்க.

நான் இந்த எபிசோடுல விமானிகள் பேரைச் சொல்லலை. கவனிச்சிருப்பீங்க. வேணும்னேதான். ஹீரோன்னு சொன்னாலும் வில்லன்னு சொன்னாலும், அத்தோட யோசிக்கறதை நிறுத்திடறோம். அந்த நாற்காலியில வேற யார் உட்கார்ந்திருந்தாலும் இது நடந்திருக்குமான்னு கேட்கறதுதான் உபயோகமான கேள்வி.

அறிக்கை சொன்ன முக்கியக் காரணம் ரெண்டு. ஒண்ணு, நிலையில்லாத இறக்கத்தைக் கேப்டன் நிறுத்தாம தொடர்ந்து, பாதி ஓடுபாதைக்கு மேல போய் இறக்கினது, துணை விமானி சொன்ன பிறகும் மேல ஏறாதது. ரெண்டு, அப்படி ஏறாதப்போ துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில எடுத்து ஏறாதது.

அத்தோட அறிக்கை நிக்கலை. அமைப்புல இருந்த கோளாறுகளையும் சொல்லுச்சு. அதுல எனக்கு ரொம்ப உறுத்தினது ஒரு டியூட்டி சார்ட்.

அந்தக் கேப்டனுக்கு அடுத்த நாள் காலையில கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானம் ஓட்ட வேண்டிய டியூட்டி. கோழிக்கோட்டுல கேப்டன்கள் பற்றாக்குறை. இவங்க கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போயிட்டா, திரும்பி வந்து சேர நேரமாகும். விமானிகளுக்குக் கட்டாய ஓய்வு நேரம் உண்டு. அப்போ மறுநாள் காலை விமானத்தை அவரால ஓட்ட முடியாது. அந்த விமானமும் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்களைக் கூட்டிட்டு வரப் போறதுதான். இந்த எண்ணம் எப்படியாவது இங்கயே இறங்கிடணும்னு அவரைத் தள்ளியிருக்கலாம்னு அறிக்கை சொல்லுது. கேப்டன் சர்க்கரை நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுக்காத மாத்திரைகளையும் எடுத்துட்டிருந்தாரு. அதுவும் அவரோட முடிவெடுக்கிற திறனைப் பாதிச்சிருக்கலாம்னு சொல்லுது.

காத்தை யோசிக்காம அவசரமா ஓடுபாதை முனையை மாத்தினது, கோபுரத்துல வானிலை அதிகாரி இல்லாதது, வைப்பர் கோளாறு ஒழுங்கா பதிவாகாதது. ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா சின்னது. சேர்ந்து நின்னப்போ பெருசாயிடுச்சு.

மனோதத்துவத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கு. போட்ட திட்டத்தை விட முடியாம அதுலயே ஒட்டிக்கிறது. முடிவுக்குப் பக்கத்துல வர வர இது அதிகமாகும். பன்னிரண்டு மணி நேரம் படிச்ச கோர்ஸ் குப்பைன்னு தெரிஞ்சும் விடமாட்டோம், ஞாபகம் இருக்கா? அதேதான். வித்தியாசம், இங்க பின்னாடி 188 பேர் உட்கார்ந்திருக்காங்க.

மழையே இல்லாத மங்களூரு

"மழைதானே காரணம்"னு சொல்றவங்களுக்கு மங்களூருவைச் சொல்லணும். 2010 மே 22. அதே நிறுவனம், அதே மாடல் விமானம், அதே துபாய், அதே மாதிரி டேபிள்டாப். 166 பேர்ல 158 பேர் இறந்தாங்க. எட்டே பேர் பிழைச்சாங்க.

அன்னைக்கு வானம் தெளிவு. வழியில கேப்டன் நெடுநேரம் தூங்கியிருந்தாரு. இறங்க வேண்டிய உயரத்தை விட ரொம்ப மேல இருந்தாங்க. துணை விமானி கோ அரவுண்ட்னு ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பச் சொன்னாரு. கேப்டன் இறக்கினாரு. ஓடுபாதை போதலை.

பத்து வருஷ இடைவெளி. ஒரு இடத்துல வெயில் வரப்போற காலை, இன்னொரு இடத்துல கொட்டுற மழை. ரெண்டு காக்பிட்லயும் வலது பக்கத்து இளையவர் சரியானதைச் சொல்லியிருக்காரு. ரெண்டு இடத்துலயும் அது போய்ச் சேரலை.

வலது பக்கத்து நாற்காலி

என்னை இந்தக் கதையில விடாம பிடிச்சு வெச்சிருக்கறது அந்த வலது பக்கத்து நாற்காலிதான்.

யோசிச்சுப் பாருங்க. இடது பக்கம் உட்கார்ந்திருக்கறவர் முன்னாள் விமானப்படை அதிகாரி. 10,000 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். நீங்க அதுல ஐந்துல ஒரு பங்கு பறந்தவர். அவர் ஒரு முடிவெடுத்திருக்காரு. உங்களுக்குச் சரியாப் படலை. கையில இருக்கறது சில விநாடி. நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?

"சார், ஒரு தடவை பார்த்துடுங்க." அப்படித்தான் சொல்வோம். நேரடியா "தப்பு"ன்னு சொல்ல வாய் வராது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒருத்தர், மீட்டிங்ல மேனேஜர் காட்டற எக்செல் ஷீட்ல தப்பு இருக்குன்னு பார்த்தா என்ன செய்வாரு? "சார், எனக்குத்தான் புரியலைன்னு நினைக்கிறேன்..."னு ஆரம்பிப்பாரு. தப்பு அவருது, ஆனா மன்னிப்பு நம்முது. வீட்டுல பெரியவங்ககிட்ட, ஸ்கூல்ல சார்கிட்ட, இப்படிப் பேசித்தான் நாம வளர்ந்திருக்கோம். அது மரியாதைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா சில விநாடி மட்டும் இருக்கற இடத்துல, அந்த மரியாதை வார்த்தையைச் சுத்திட்டு வர வைக்குது.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்ல. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவுல போர்ட்லண்ட். யுனைடெட் 173. சக்கரத்துல ஏதோ கோளாறுன்னு கேப்டன் வானத்துல சுத்திட்டே இருக்காரு. எரிபொருள் குறையுதுன்னு மத்தவங்க சொல்றாங்க, ஆனா சாடையா சொல்றாங்க. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்துச்சு, 10 பேர் இறந்தாங்க. அடுத்த வருஷமே நாசா ஒரு பயிலரங்கு நடத்துச்சு. அங்கிருந்துதான் காக்பிட்ல ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பேசணும், எப்படிக் கேட்கணும்னு சொல்லித்தர்ற பயிற்சி பிறந்துச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க விமானிகளுக்கு அது கட்டாயம். சிஆர்எம்னு சொல்வாங்க.

அந்தப் பயிற்சியோட சாரம் ரெண்டு பேருக்கும் பொது. இளையவர் படிப்படியா ஏத்தணும். முதல்ல பார்த்ததைச் சொல்லு. அப்புறம் கவலையைச் சொல்லு. அப்புறம் என்ன செய்யணும்னு தெளிவாச் சொல்லு. அப்பவும் நடக்கலைன்னா, "கட்டுப்பாடு என்கிட்ட"ன்னு சொல்லி எடுத்துக்கோ. மூத்தவருக்கு இன்னும் கஷ்டமான பாடம்: யார் கோ அரவுண்ட்னு சொன்னாலும் ஏறிடு. விவாதத்தை மேல போய் வெச்சுக்கலாம்.

கேட்க சுலபமா இருக்கு. நிஜத்துல? ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு இதைப் பத்தி ஆராய்ஞ்சிருக்கு. நிலையில்லாம இறங்கற விமானங்கள்ல வெறும் 3 சதவீதம்தான் கோ அரவுண்ட் பண்ணுது. மிச்சம் 97 சதவீதம் இறங்கிடுது. அதுல பெரும்பாலும் ஒண்ணும் ஆகறது இல்ல. பிரச்சினையே அதுதான். ஒண்ணும் ஆகாத ஒவ்வொரு தடவையும், "பார்த்தியா, சமாளிச்சுட்டோம்"னு மூளை கத்துக்குது.

கோ அரவுண்ட் மந்திரமும் இல்ல

நேர்மையா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2016 மார்ச் 19, ரஷ்யாவுல ரோஸ்தோவ். துபாயிலிருந்து வந்த ஃப்ளைதுபாய் 981. பலத்த காத்து. முதல் முயற்சியில இறங்க முடியலை, ஏறிட்டாங்க. ரெண்டு மணி நேரம் வானத்துல சுத்தினாங்க. ரெண்டாவது முயற்சியிலயும் ஏறினாங்க. அந்த ஏற்றத்துல, இருட்டுல, விமானத்தோட மூக்கு எந்தப் பக்கம் இருக்குங்கிற உணர்வே கேப்டனுக்குத் தப்பிப்போய், தரையில மோதி 62 பேரும் இறந்தாங்க.

அதனால "ஏறிட்டா எல்லாம் சரி"ன்னு நான் சொல்லலை. ஏறறதுக்கும் பயிற்சி வேணும், ஓய்வு வேணும். முக்கியமா, "இன்னைக்கு இங்க வேண்டாம், வேற ஊருக்குப் போலாம்"னு சொல்ற சுதந்திரம் வேணும். அந்தச் சுதந்திரம் காக்பிட்ல மட்டும் உருவாகறது இல்ல. டியூட்டி சார்ட் போடற ஆபீஸ்ல உருவாகுது. லேட்டானா கேள்வி கேட்கற மேலதிகாரிகிட்ட உருவாகுது. கடைசியா, சீட்ல உட்கார்ந்து முணுமுணுக்கற நம்மகிட்டயும் உருவாகுது.

கோழிக்கோட்டுல விபத்துக்கு அப்புறம் பெரிய ரக விமானங்களை நிறுத்தினாங்க. ஓடுபாதை முனையில இருக்கற பாதுகாப்புப் பகுதியைப் பெருசாக்கற பேச்சு தொடங்குச்சு. அதுக்கு நிலம் தேவைப்பட்டுச்சு, அங்கயும் வீடுகள் இருந்துச்சு, குடும்பங்கள் இருந்துச்சு. அது தனி எபிசோடு. அந்த வேலை நடக்கணும். ஆனா எவ்வளவு நீளமான ஓடுபாதை போட்டாலும், "சார், ஏறிடலாம்"ங்கற குரல் காதுல விழலைன்னா, அந்த நீளமும் ஒரு நாள் போதாம போகும்.

அந்தச் சென்னை ராத்திரியை மறுபடி நினைச்சுப் பார்க்கறேன். மழை. விளக்குகள் தெரியுது. சக்கரம் இறங்கியாச்சு. உள்ள இருக்கற எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். முன்னாடி கதவுக்குள்ள யாரோ ஒருத்தர், இடது பக்கமோ வலது பக்கமோ தெரியலை, வேண்டாம்னு சொல்லியிருக்காரு. இன்னொருத்தர் அதைக் கேட்டிருக்காரு. இறங்கிப் போகும்போது நான் அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலை. லேட்டாயிடுச்சுன்னு கேப் புக் பண்ணிட்டே நடந்தேன்.

அடுத்த தடவை உங்க விமானம் இறங்கப் போய் மேல ஏறினா, பக்கத்து சீட்டுக்காரர் கடுப்பானா, இந்தக் கதையைச் சொல்லுங்க. அரை மணி நேரம் இருக்கும், நேரம் போதும்.

உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டு அப்புறம் வருத்தப்பட்ட அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. சொல்லி, அது ஒருத்தர் காதுல விழுந்த அனுபவம் இருந்தா அதையும் கண்டிப்பா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கறேன்.

பத்திரமா போய்ச் சேருங்க. வணக்கம்.